ஒன்பது மணிக்கு மேல் ஸ்பானிஷ்

காலை ஒன்பது மணிக்கு மேல் மாடி அறையில் தமிழ் பேசக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். மதியச் சாப்பாடு வரை ஸ்பானிஷ். சாப்பிட்டு எழுந்தபின் ஆங்கிலம். சாயங்காலம் கீழே இறங்கிவிட்டால் யாரோடு எதில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். என் மகள்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இருவரும் சிலி நாட்டில், பாலைவனத்தை ஒட்டிய ஒரு சுரங்க ஊரில் வளர்ந்தவர்கள். குழப்பமெல்லாம் வீட்டிலிருந்த பெரியவர்களுக்குத்தான்.

அது என் கணவரின் பூர்வீக வீடு. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தெருவின் கடைசி வீடு. பின்வாசலைத் திறந்தால் களம், களத்தைத் தாண்டினால் எங்கள் கரிசல் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி நிற்கும். ஊரில் அதைப் பயராபீஸ் என்பார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்வது கணவரின் அண்ணன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொல்லும். அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் பள்ளிக்கூடம் நடத்தினேன்.

கணவர் செம்புச் சுரங்கத்தில் மின் பொறியாளர். பழைய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து புதிய கம்பெனிக்கு மாறியபோது எங்கள் மூன்று பேருக்கும் விசா புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். அதை நம்பித்தான் அவரை அங்கே விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஊருக்கு வந்தோம். ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. விசா வந்த மறுவாரமே பிள்ளைகள் அங்கே ஸ்பானிஷ் பள்ளியில் போய் உட்கார வேண்டும். இங்கே சேர்த்தால் அந்த மொழி உதிர்ந்துவிடும் என்று எனக்குப் பயம். விசா வராமலே போனால் என்ன செய்வது என்கிற பயத்துக்கு ஆங்கிலம்.

எனக்கே ஸ்பானிஷ் முப்பது வயதுக்கு மேல் வந்தது. அந்த ஊர்ச் சந்தையில் காய்கறிக்காரியிடம் கற்றது. என் உச்சரிப்பைப் பெரியவள் திருத்துவாள். "அப்படி இல்லம்மா, நாக்கை இப்படி வை" என்று வாயைத் திறந்து காட்டுவாள். கணவர் அனுப்பும் பாடங்களை போனில் பார்த்து, சாத்தூரில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, சுவரெல்லாம் சொற்களாகத் தொங்கவிட்டிருந்தேன். கதவில் கதவு, ஜன்னலில் ஜன்னல், இரண்டிரண்டு மொழியில்.

ஸ்பானிஷில் 'இங்கே வா' என்பதற்கு 'பென் அக்கா' என்று சொல்வார்கள். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்வேனோ, அத்தனை முறையும் கீழே அடுப்படியிலிருந்து அக்கா குரல் வரும்: "என்னம்மா, கூப்பிட்டியா?" முதலில் சிரித்தோம். பிறகு அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை விடுமுறை வந்ததும் அக்காவும் நாள் முழுக்க வீட்டில் இருந்தார். பூண்டை உரித்துக்கொண்டே மாடிப்படியில் வந்து உட்கார்வார். ஒன்றும் பேச மாட்டார். நான் நடத்துவதைக் கேட்பார். ஒரு தேர்ந்த டீச்சர் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்துவது எப்படி இருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை எனக்கு மறந்துபோகும்.

மே மாதத்தில் ஒரு நாள் காலையில் அவர் வாயைத் திறந்தார்.

"ஜூன்ல ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சரின்னுட்டாக."

"என்னைக் கேக்கலையேக்கா."

"கேட்டா நீ வேணாம்ப. பெரியவ தெருவுக்குப் போனா பிள்ளைக அவள வெளிநாட்டுக்காரின்னு ஓட்டுதுக. அவ கூட ஒத்தப் பிள்ளை சேர மாட்டேங்குது. அது உனக்குத் தெரியுமா?"

தெரியும். பெரியவள் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் தெருவுக்குப் போகச் சொன்னால் தலை வலிக்கிறது என்பாள்.

"விசா வந்துருச்சுன்னா ரெண்டே மாசத்துல பிடுங்கிட்டுப் போகணும். அங்க போய் அதுக திணறும்கா."

"வந்துரும் வந்துரும்னு வருசம் ஓடிப்போச்சு. ரெண்டு பாசையில பாடம் எடுக்கிற, சரி. பேசுறதுக்கு ஆளு? நீ ஒருத்திதேன். ஒருத்திகிட்ட மட்டும் பேசுறதுக்கு எதுக்கும்மா பாசை?"

எனக்குச் சுருக்கென்றது. "என் பிள்ளைகள நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அந்த வீட்டில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவர் எழுந்து போய்விட்டார். நான் அன்றைக்குப் பாடத்தை நிறுத்தினேன். சாத்தூருக்குப் போய் அடுத்த வாரத்துப் பாடங்களைப் பிரிண்ட் எடுத்துவரக் கிளம்பினேன். பிள்ளைகளை அக்காவிடம்தான் விட்டுப் போக வேண்டும். "பார்த்துக்கங்க" என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "ம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது நடந்தது. சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கை வைத்திருந்தேன். அது என் உள்ளங்கையை உதைத்த மாதிரி இருந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம்தான் புகை தெரிந்தது. வெள்ளையாக எழும்பி, மேலே போகப்போகக் கறுத்தது. பஸ்ஸில் இருந்த எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தத் திசை, எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் அங்கே வேலை பார்க்கிறது என்று உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பக்கத்து சீட்டில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். "எங்க ஊருக்குக் கிழக்க மாதிரி இருக்கே" என்றார். அப்புறம், "எம் மக அங்கனதேன் வேலை பார்க்கா" என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார்.

அது எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஆலை என்று எனக்கு உறைத்தபோது என் போன் அடித்தது. அக்காவின் எண். பேசியது பெரியவள்.

"மமா, தெம்ப்ளோ" என்றாள். பூமி அதிர்ந்தது என்று அர்த்தம். நாங்கள் இருந்த சிலி ஊரில் நிலநடுக்கம் மாதத்துக்கு ஒன்றாவது வரும். தட்டு குலுங்கும், விளக்கு ஆடும், நிற்கும். அவளுக்கு இதுவும் அதுதான். "நீ எங்க இருக்க? தங்கச்சி எங்க?" என்றேன். "நோ எஸ்தா" என்றாள். இல்லை.

அக்கா போனை வாங்கினார். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "பின்வாசல் தொறந்து கெடக்கும்மா. ஜன்னல் எல்லாம் நொறுங்கிப்போச்சு. சின்னவள காணோம். தொண்டை கிழியக் கூப்பிட்டுட்டேன், சத்தமே குடுக்க மாட்டேங்கா." அவர் பேசும்போதே பின்னால் இன்னொரு வெடி. போனில் அது மரம் முறிகிற மாதிரிக் கேட்டது. ஷெட்டு ஷெட்டாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. "இவக பெரியப்பா விருதுநகருக்கு விதை வாங்கப் போயிட்டாக. நான் ஒத்தையில இருக்கேன்" என்றார்.

 எனக்கு ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது. சிலியில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நிலநடுக்கப் பயிற்சி கொடுப்பார்கள். தரை ஆடினால் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ள வேண்டும். யார் எப்படிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது. டீச்சர் "யா பாசோ" என்று சொன்ன பிறகுதான் வெளியே வர வேண்டும். முடிந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் அதிர்வு நின்றதும் நான் அதைத்தான் சொல்லி அவளைத் தூக்குவேன்.

"அக்கா, எதுக்காவது அடியில இருப்பா. மேசை, கட்டில், மேசை மாதிரி எது இருந்தாலும் பாருங்க."

"வீட்ல பார்த்துட்டேன்."

"வெளிய பாருங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிங்க. நான் கூப்பிடுறேன்."

பஸ் அதற்குள் நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டிகளுக்கு வழி விடச் சொல்லி போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சீட்டிலிருந்து எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யா பாசோ, மி நீன்யா, என் கண்ணே! யா பாசோ!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு பெரியவர் "பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு போல" என்றார். மகள் எடுக்காத போனைக் காதில் வைத்திருந்த அந்தப் பெண், இன்னொரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பேசு தாயி, விடாத, பேசு" என்றார்.

நாலு தடவை சொல்லியிருப்பேன். லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்த நேரத்தில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் போனைப் போட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் யாரும் கிடைக்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். பிரிண்ட் எடுத்த தாள்கள் சீட்டிலேயே கிடந்தன. பாதி வழியில் பைக்கில் வந்த ஒருவர் கேட்காமலே நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.  ஊருக்குள் நுழையும்போது காற்றில் கந்தக நெடி. தெருவில் பெண்கள் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி வீட்டின் முன்கதவு திறந்திருந்தது.

முன்னறையில் தரையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னவள், தோளில் சாய்ந்தபடி பெரியவள். அக்காவின் முடியெல்லாம் சாம்பல் நிறத் தூசி. நெற்றியில் வெட்டுப்பட்டு ரத்தம் புருவத்தில் உறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒன்னும் ஆகல. ஒன்னும் ஆகல. பிள்ளை நல்லாருக்கு" என்று அழ ஆரம்பித்தார்.

நடந்ததைப் பெரியவள்தான் எனக்குச் சொன்னாள். லைன் அறுந்ததும் பெரியம்மா போனை உலுக்கியிருக்கிறார். பிறகு இவளிடம், "அம்மா என்னமோ சொன்னாளே, அந்த வார்த்தை என்னது?" என்று கேட்டிருக்கிறார். "யா பாசோ, பெரியம்மா." அவர் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இவளைப் படிக்கட்டுக்கு அடியில் உட்காரவைத்து, "எங்கிட்டும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியே களத்துக்கு ஓடியிருக்கிறார். சிமெண்ட் ஷீட் துண்டுகள் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த நேரம். ஒன்று நெற்றியில் பட்டதும் அப்போதுதான். களத்தில் நின்று, "யா பாசோ! யா பாசோ!" என்று கத்தியிருக்கிறார். அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "பென் அக்கா! பென் அக்கா!" என்று சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

களத்தில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லருக்கு அடியிலிருந்து சின்னவள் தவழ்ந்து வந்திருக்கிறாள். அவளுக்கு அதுதான் மேசை. அக்கா அவளை நெஞ்சோடு வாரிக்கொண்டு திரும்பி ஓடும்போது அடுத்த ஷெட் வெடித்தது.

சின்னவளுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவள் பேசவில்லை. அன்றைக்கு அதிர்ச்சி என்று நினைத்தோம். மறுநாளும் பேசவில்லை. சாத்தூரில் காது டாக்டரிடம் காட்டினோம். செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே கேட்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எங்கிருந்து வரும்? சாப்பிடுவாள், தூங்குவாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். வாய் மட்டும் திறக்காது. மாடியில் உட்காரவைத்து அட்டைகளைக் காட்டினேன். ஸ்பானிஷில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன், தமிழில் கெஞ்சினேன். மூன்று மொழி தெரிந்த பிள்ளை ஒரு மொழியும் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணவர் வீடியோவில் அழைத்தால் திரையில் அப்பாவின் முகத்தைத் தொடுவாள், அவ்வளவுதான். "ஊரை விட்டுக் கிளம்பு, விருதுநகர்ல வீடு பாரு" என்று அவர் என்னிடம் கத்தினார். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவரால் வேறென்ன செய்ய முடியும்?

ஊரில் சாவு வீடுகள் இருந்தன. பஸ்ஸில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணை நான் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் மகள் உயிரோடு இருந்தாள், இரண்டு கைகளிலும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில். போய்ப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, "உம் பிள்ளை கிடைச்சாளா தாயி?" என்றுதான். கிடைத்தாள் என்றேன். அவள் பேசுவதில்லை என்பதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் போனது. ஒரு காலையில் மாடியில் நான் பாடம் என்று எதுவும் நடத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா நெற்றியில் பிளாஸ்திரியோடு படியேறி வந்து, இந்த முறை படியில் உட்காராமல் உள்ளே வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தார். சின்னவள் அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில், தெளிவாக, "பெரியம்மா யா பாசோ சொன்னீங்க" என்றாள்.

 நீ பேசிவிடாதே என்பதுபோல அக்கா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஆமாத்தா, சொன்னேன்."

"முடியலையே. அப்புறமும் வெடிச்சுச்சே."

இதுதான் அந்தப் பிள்ளை மனசில் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவளுக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அந்த வார்த்தை ஒருமுறையும் தவறியதில்லை. அதைச் சொன்னால் ஆட்டம் நின்றிருக்கும். நானாக இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அக்கா சொல்லவில்லை.

"முடியலதேன். எனக்கும் தெரியும். பொய்தேன் சொன்னேன். அதச் சொன்னாத்தானே நீ வெளிய வருவ? உன்னையத் தூக்கணும்ல எனக்கு."

சின்னவள் யோசித்தாள். "பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

"கூடாது. அன்னைக்கு மட்டும் சொன்னேன்."

"உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"அம்புட்டுப் பயம். கால் ரெண்டும் நடுங்குச்சு."

சின்னவள் எழுந்து போய் அவர் நெற்றிப் பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஸ்பானிஷில், தாகமாக இருக்கிறது என்றாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கீழே போய், அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதேன்.

அன்று மாலை அக்கா என்னிடம் சீட்டு விஷயத்தைத் திரும்ப எடுத்தார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

"உன் பாசையில நான் கூப்பிட்டேன்ல? எம் பாசையில அதுக படிக்கட்டும்."

"சின்னவள இப்ப என்னால கண்ணுல படாத இடத்துக்கு அனுப்ப முடியாதுக்கா."

"சரி, அவ இருக்கட்டும். பெரியவள அனுப்பு. அவளக் கேளு, நீயே கேளு."

கேட்டேன்.  "போனா ஸ்பானிஷ் மறந்துருமா?" என்றாள் பெரியவள். மறக்க விடமாட்டேன் என்றேன். "அப்ப போறேன்" என்று அவள் சொன்ன வேகத்தில் எனக்குப் புரிந்தது, எத்தனை நாளாக அதற்குக் காத்திருந்தாள் என்று.

கணவர் பிடிவாதமாக நின்றதில், கடைசியில் விருதுநகரில் பெரிய மாடி வீடு ஒன்றின் பின்பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். பெரியவள் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்தாள். அக்கா சொல்லி வைத்த சீட்டு இல்லை அது. அதற்கும் அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சின்னவளுக்குக் காலையில் ஸ்பானிஷ், மதியம் ஆங்கிலம், முன்பு போலவே. தமிழ் பேசக் கூடாது என்று இப்போது எந்த நேரத்துக்கும் சட்டமில்லை. சனிக்கிழமைகளில் அக்கா பஸ் ஏறி வந்து அவளுக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். நான் கற்பிக்கும் முறையைப் பற்றி இன்னும் குறை சொல்கிறார். பாதி நியாயமாக இருக்கிறது, பாதிக்கு நான் சண்டை போடுகிறேன்.

போன மாதம் விசா வந்துவிட்டது. பெரியவளின் முழுப்பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். செய்தியைச் சொன்னபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளியில் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்; இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். நேற்று அந்தத் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த அறையிலிருந்து பெரியவளின் குரல் கேட்டது. ஸ்பானிஷில் ஒன்று முதல் பத்து வரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "அப்படி இல்லடி, நாக்கை இப்படி வை" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.